வெளிச்சம் வந்த பிறகு என்ன வாசித்தார்கள்?

மகன், அன்றைக்கு இங்கே மழை பெய்யவில்லை. ஒரு துளிகூட இல்லை. நீ ஒழுங்குசெய்த வீடியோக் கூட்டத்தில் நான் திடீரென்று மறைந்துபோனதும் நீ பதறிப்போய்ப் போன் எடுத்து, "அப்பா, என்ன நடந்த?" என்று கேட்டாய். "பெரிய மழை மனே, இடியும் மின்னலும், லைன் போயிற்று" என்று நான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து உன் அம்மா முற்றத்தில் காயப்போட்டிருந்த மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நான் சொன்னது காதில் விழுந்ததும் தட்டோடு அப்படியே நின்றாள். போனை வைத்த பிறகு, "எங்க கா மழை? உங்கட தலைக்குள்ளயா?" என்று கேட்டாள். லைன் போகவில்லை. அறுபத்தெட்டு வயதுக் கிழவன் நான், மேசைக்கு அடியில் குனிந்து, இன்டர்நெட் வருகிற அந்தச் சின்னப் பெட்டியின் வயரை என் கையாலேயே பிடுங்கினேன். குனிந்ததில் இடுப்புப் பிடித்து இன்னும் நேராக நிற்க முடியவில்லை. பொய்க்குத் தண்டனை உண்டு என்று ஞாயிறுப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அது இடுப்பில் கிடைக்கும் என்று சொல்லித் தரவில்லை.

ஏன் பிடுங்கினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நரைத்த தாடிக்காரர்கள். கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு இத்தனை சகோதரர்கள் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரும், நம் குழு என்று நீயும் நானும் சொந்தம் கொண்டாடுகிற அந்த வெள்ளைக்கார இசைக்குழுவின் கச்சேரியைத் தாங்கள் நேரில் பார்த்த கதையைச் சொன்னார்கள். ஒருவர் முழங்கால் வரை சேற்றில் மூன்று மணித்தியாலம் நின்றாராம். சப்பாத்து ஒன்று இன்னும் அந்த வயலுக்குள்தான் கிடக்கிறதாம். ஒரு அம்மா, இருபது நிமிடப் பாட்டொன்றின் நடுவில் பக்கத்தில் நின்றவன் தூங்கித் தன் தோளில் சாய்ந்ததையும், பிறகு அவனையே கலியாணம் முடித்ததையும், அவன் இப்போதும் அதே பாட்டில் அதே இடத்தில் தூங்குவதையும் சொன்னாள். நீ ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொல்லச் சொல்ல நானும் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது. என் அப்பா மட்டக்களப்பில் போட் எஞ்சின் திருத்துகிறவர், இளம் வயதில் ஒரு தடவை இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து, இங்குள்ள துறைமுக நகரத்து மண்டபத்தில் நம் குழு வாசித்ததைக் கண்ணால் கண்டவர் என்று நீ முன்கூட்டியே அளந்து வைத்திருந்தாய். நானும் முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையை எடுத்துவிட்டேன். இடது பக்கத் தூணுக்கு அருகில் நான் நின்றது. கீபோட் வாசிப்பவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேஸ் என்கிற காலுறை மட்டும் போட்ட காலால் கீழே இருந்த இசைக் கட்டைகளை மிதித்தது. நீளப் பாட்டின் நடுவில் கரண்டு போனது. எல்லா வாத்தியமும் ஊமையாகிப் போக, டிரம்ஸ் அடிப்பவர் மட்டும் இருட்டில் ஏழு ஏழாக எண்ணி விடாமல் அடித்தது. சனம் முழுவதும் அந்த ஏழுக்குக் கைதட்டியது. வெளிச்சம் வந்ததும் மற்றவர்கள் ஒரு அடி தவறாமல் உள்ளே வந்து சேர்ந்தது.

எல்லாரும் கைதட்டினார்கள். அப்போதுதான் தொப்பி போட்ட தாடிக்காரர் ஒருவர் எழும்பி நின்றார். அவர் சொன்னதை நீ சின்னப் பிள்ளைபோலத் துள்ளிக்கொண்டு தமிழில் சொன்னாய்: "அப்பா! இவரும் அண்டைக்கு அங்க இரிந்திரிக்கார்! இவருக்கும் இவர்ட கூட்டாளிக்கும் நாற்பத்தைஞ்சு வருசச் சண்டையாம். வெளிச்சம் வந்து அந்தப் பாட்டு முடிஞ்ச பிறகு அடுத்ததா என்ன வாசிச்சாங்க எண்டு. நீங்கதான் தீர்ப்புச் சொல்லணுமாம்." எல்லாத் தாடிகளும் என்னையே பார்த்தன. பிறகு பார்த்தால் நான் மேசைக்கு அடியில்.

மகன், நான் அந்த மண்டபத்தில் இருக்கவில்லை. நான் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. கல்லடி வாவியில் தோணி ஏறினாலே எனக்குத் தலை சுற்றும், எஞ்சின் சத்தம் இருந்தால்தான் நிற்கும். இந்த இரண்டு வரியை எழுத மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொரு வரிக்கும் எழும்பி எழும்பி வாசல் கேற்றடிக்குப் போய் வருகிறேன். உன் அம்மா, "பெயின்ட் காயாத வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரி நடக்கிறீங்க" என்கிறாள். தேத்தண்ணி ஊற்றுகிறேன், ஆறவிடுகிறேன், திரும்ப ஊற்றுகிறேன். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். அவள் என்னைச் சில நேரம் "கப்பற்காரர்" என்று கூப்பிடுவாளே, அதை நீ பெருமை என்று நினைத்திருப்பாய். உனக்குக் கலியாணமாகி இரண்டு வருடம்தான். ஒன்று சொல்லி வைக்கிறேன்: மனைவி ஒரு விசயத்தைக் கண்டும் பேசாமல் விட்டால், அவளுக்கு விளங்கவில்லை என்று மட்டும் நினைக்காதே.

நீ டிக்கெட் எடுத்திராவிட்டால் நான் இந்தப் பொய்யோடு சுகமாகச் செத்திருப்பேன். நம் குழுவில் மிச்சமாக இருக்கிறவர்கள் கடைசித் தடவையாக அதே மண்டபத்தில் வாசிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, உனக்கொன்றும் எனக்கொன்றுமாக எடுத்துவிட்டாய். "நீங்க நிண்ட அதே தூணடியில நிப்பம் அப்பா" என்றாய். அது போதாதென்று விசா விண்ணப்பம். "முந்தி வந்த வருசம் போடணும், பழைய பாஸ்போட் இரிக்கா?" என்று நீ கேட்டாய். நான் என்ன சொன்னேன்? சுனாமி கொண்டுபோயிற்று என்றேன். எத்தனை உயிரைக் கொண்டுபோன கடல் அது, நமக்குத் தெரிந்த எத்தனை முகங்களை. அதன் தலையில் இல்லாத ஒரு பாஸ்போட்டையும் ஏற்றிவிட்டேன். அந்த விண்ணப்பத்தில் எனக்காகக் கையெழுத்து வைக்கப்போகிறவன் நீ. என் பொய் உன் பெயரில் அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போகும். ஆகவே அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று எழுது. ஒருநாளும் வந்ததில்லை என்று எழுது.

அப்படியென்றால் அந்தக் கதை யாருடையது? கணேஸ் மாமாவுடையது. அமிர்தகழியில் இருக்கிற, காது மந்தமான, உன்னைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுகிற அதே கணேஸ் மாமா. அவனும் நானும் ஒரே வகுப்பு. ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் ஒன்றாகத் தவறினோம், இரண்டாம் தடவையும் ஒன்றாகத் தவறினோம். மூன்றாம் தடவை அவன் பாஸ் பண்ணி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டுச் சரக்குக் கப்பலுக்குப் போனான். நான் எஞ்சின் எண்ணெய்க்குள் கையை விட்டேன். அந்தப் பாட்டுப் பைத்தியம் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத்தான் பிடித்தது. அவன் முதல் விடுமுறையில் வரும்போது, கூடப் பயணம் செய்தவனிடம் ஒரு நாளுக்கு மட்டும் இரவல் வாங்கிய நம் குழுவின் இசைத்தட்டொன்றைக் கொண்டு வந்தான். டவுனில் இருந்த ரெக்கோடிங் பாரில் அதைக் கசற்றில் ஏற்றக் கொடுத்தோம். கடைக்காரர் காதில் விரலை விட்டுக்கொண்டு, "இது பாட்டா தம்பி, இல்லாட்டி எஞ்சினுக்கு ஏதும் கோளாறா?" என்று கேட்டார். ஏற்றித் தந்தார். மறுபக்கத்தில் எங்கள் மேல் இரக்கப்பட்டு நல்ல சினிமாப் பாட்டுகளாகப் போட்டிருந்தார்.

அந்த நீளப் பாட்டு, உச்சத்துக்கு ஏறி ஏறிப் போய், சட்டென்று "டக்" என்று நின்றுவிடும். கசற் அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்பது கழுதைக்கும் விளங்கும். எங்களுக்கு விளங்கவில்லை. பாட்டே அப்படித்தான் என்று நினைத்தோம். இரண்டு வருடம் அந்த "டக்"கைப் பற்றியே கதைத்தோம். "சாவு மச்சான், சாவு இப்பிடித்தான் வரும், சொல்லாமக் கொள்ளாம" என்பான் கணேஸ். நான் அதற்கு மேலே போய், அந்த மௌனத்தையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்குச் சரிவரும் என்று விளக்கம் சொல்வேன். கணக்கில் மூன்று தடவை தவறியவன் சொன்ன விளக்கம். பிறகு ஒருநாள் எங்கோ ஒரு துறைமுகத்திலிருந்து அவன் கடிதம் வந்தது: "மச்சான், பாட்டு முடியல்ல. இன்னும் ஆறு நிமிசம் இரிக்கு." எனக்கு வந்த கோபம்! எங்களுடைய பாட்டுத்தான் சரி, அந்த ஆறு நிமிடமும் தேவையில்லாத வால் என்று ஒரு வருடம் அவனோடு கடிதத்தில் சண்டை பிடித்தேன். நீ உன் தொழிலில் பெரிய ஆட்களோடு வேலை செய்கிறவன். ரசிகன் என்று வருகிற கிழவர்கள் உளறினால் கொஞ்சம் பொறுத்துக்கொள். அவர்கள் எந்தக் கசற்றில் கேட்டார்களோ, யார் கண்டது.

அந்தக் கடல் காலத்தில்தான் அவனுடைய அப்பா தவறிப்போனார். அவர்கள் வீட்டில் ஆங்கிலம் எழுத ஆள் இல்லாததால், என் ஓ.எல். ஆங்கிலத்தை நம்பித் தந்தி அடிக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். தகப்பனார் காலமானார், அடக்கம் முடிந்தது என்று கப்பல் ஏஜன்டின் விலாசத்துக்கு அடித்தேன். எட்டு மாதம் கழித்து அவன் வந்தான். அப்பாவைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. ஒரு பகல் இருவரும் வாவிக்குள் இறாலுக்குப் போனபோது, தோணியில் வைத்து, அந்தக் கச்சேரியை எனக்குச் சொன்னான். தூண், மேஸ் போட்ட கால், கரண்டு போனது, ஏழு, வெளிச்சம் வந்தது. சொல்லிக்கொண்டே தோணிப் பலகையில் ஏழு ஏழாக அடித்தும் காட்டினான். வலையில் ஏறிய இறாலெல்லாம் திரும்ப ஓடியிருக்கும். "மிச்சம்?" என்று கேட்டேன். "மிச்சம் என்ன, வாசிச்சாங்க" என்றான். அதற்குப் பிறகு அவன் வாயால் அந்தக் கதை ஒருநாளும் வரவில்லை.

நீ ஏழு வயதாக இருந்தபோது, சண்டை கிட்ட வந்து, ஊர்ச் சனம் எல்லாம் தேவாலய மண்டபத்துக்குள் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாம் நாள் பகல். வெளியே வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீ என் இடுப்புச் சாரனைப் பிடித்துக்கொண்டு, "கத சொல்லுங்கப்பா, கத சொல்லுங்கப்பா" என்றாய். வேதாகமக் கதை முடிந்தது. நரிக் கதை, காகக் கதை எல்லாம் முடிந்தது. கடைசியில் கணேஸின் கச்சேரியை எடுத்தேன். இருட்டில் அந்த மனிதர் விடாமல் அடித்த இடம் வந்ததும் நீ சாரனை விட்டாய். "நீங்களும் அங்க இரிந்தீங்களா?" என்று கேட்டாய். கணேஸ் அடுத்த பாயில்தான் இருந்தான், கேட்டுக்கொண்டு. நான் "ஓம்" என்றேன். அவ்வளவுதான் மகன், இரண்டு எழுத்து. நீ அவன் பக்கம் திரும்பி, "மாமா, உண்மையா?" என்றாய். அவன் என்னைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்து, "ஓம் மனே, உன்ட அப்பாதான் எனக்கே சொன்ன. நான் அண்டைக்குக் கப்பல் எஞ்சின் ரூமுக்குள்ள படுத்துக் கிடந்திற்றன்" என்றான். நீ என் கையில் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டே இருந்தாய், சத்தம் நிற்கும் வரை.

பிறகு அது வளர்ந்தது. நீ திரும்பத் திரும்பக் கேட்டாய், நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் பிழையாகச் சொன்னால் கணேஸ் பக்கத்தில் இருந்து, "மேடைப் புகை நீலம் எண்டுதானே அண்டைக்கு எனக்குச் சொன்ன நீ? இப்ப வெள்ளை எண்டுறாய்?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் திருத்துவான். திருடனுக்கு வீட்டுக்காரன் லாம்பு பிடித்த கதை. என் கடையில் ஏழு அடிக்கு ஒரு தடவை இருமும் பழைய எஞ்சின் ஒன்று வந்தபோது, நீ அதைத் திருத்தவே கூடாது என்று கட்டிப்பிடித்து அழுதாய். அதன் சொந்தக்காரர் மாங்கேணியிலிருந்து வந்து மூன்று நாள் காத்திருந்தார். ஐந்தாம் வகுப்பில், உன் அப்பா புளுகுகிறான் என்று சொன்னவனோடு சண்டை பிடித்து முன்பல்லை உடைத்துக்கொண்டு வந்தாய். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு பாடசாலைக்கும் போனேன். பள்ளி அதிபர் என்னை இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டி, "அந்தக் கச்சேரி விசயம் என்ன?" என்று கேட்டார். நீ பஞ்சை வாயில் கடித்துக்கொண்டு மூலையில் நின்றாய், முகம் முழுக்க நம்பிக்கை. நான் அதிபருக்கும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அவர் மணி அடிக்கவும் மறந்துபோனார். என் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தக் கதிரையில் இருந்ததைத்தான் முதலில் வைப்பேன். உடைந்தது உன் பல். அதைக் கொண்டு நான் ஒரு பொய்க்கு முத்திரை குத்தினேன். நீ பாட்டின் பின்னால் போய், ஒலி வேலை படித்து, இன்று பெரிய மண்டபங்களில் நூறு பொத்தான்களுக்கு முன்னால் நிற்கிறாய். அதன் அடியில் போய்த் தோண்டினால் என் "ஓம்" கிடக்கிறது. அதை நினைத்துத்தான் கேற்றடிக்கும் அடுப்படிக் குசினிக்குமாக நடக்கிறேன்.

வயரைப் பிடுங்கிய மறுநாள் கணேஸிடம் போனேன். மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்து கடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்காக விரதம் இருந்து, தீர்த்தக் குளத்தில் முழுகியவன். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான், ஆனால் அவன் கடலை விட்டு வந்த நாளிலிருந்து ஒரு வருடம் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடும் முழுகியிருக்கிறான். தன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். காதுக்கு மாட்டுகிற மெசினைக் கழற்றி வைத்திருந்தான்.

"கணேஸ், வெளிச்சம் வந்த பிறகு என்ன வாசிச்சாங்க?"

"என்ன?"

"வெளிச்சம்! வந்த பிறகு! என்ன பாட்டு!"

கடை கழற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஓ. உன்ட கச்சேரியா?"

"என்ட கச்சேரி இல்ல மச்சான். உன்ட."

"முப்பது வருசமா நீதானே கா வச்சிரிக்கிற."

பாவமன்னிப்புக் கேட்பதை மெல்லக் கேட்கத்தான் மனிதனுக்கு விருப்பம். நான் தெருவுக்கே கேட்கக் கத்திக் கேட்டேன். வீடியோக் கூட்டம், மழை, பாஸ்போட் எல்லாவற்றையும் கத்தினேன். கடைக்காரப் பெண் வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள். பாஸ்போட் வந்த இடத்தில் "ஐயோ" என்றுகூடச் சொன்னாள். கடைசியில், "அந்த டிக்கெட் உன்ட மச்சான். நீ போ. மகனுக்கு நான் எழுதுறன்" என்றேன்.

கணேஸ் மெசினை எடுத்துக் காதில் மாட்டினான். "கத்தாத. கேக்கிது. என்ன வாசிச்சாங்க எண்டு எனக்குத் தெரியா."

"மறந்து போச்சா?"

"நான் இரிக்கல்ல."

அதற்குப் பிறகு அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "அண்டைக்குக் காலையில ஏஜன்டுட ஒபிசில என்ட கையில தந்தியைத் தந்தாங்க. கப்பலுக்கு வந்தா, குசினிக்காரன் தனக்குக் காய்ச்சல், நீ போ எண்டு கச்சேரி டிக்கெட்டைத் தாறான். தந்தி எண்டா என்னத்துக்கு வரும் மச்சான்? கலியாணத்துக்கா? நான் கப்பல் ஏறக்குள்ளயே அப்பா படுக்கையில. பிரிச்சாத்தானே செத்தவர். பிரிக்காட்டி இன்னும் இரிக்கார். காற்சட்டைப் பையில வச்சிக்கிட்டுப் போனன். இந்தப் பாட்டு முடிய பிரிக்கன், இந்தப் பாட்டு முடிய பிரிக்கன் எண்டு நிண்டன். நல்ல காலம், அவங்கட பாட்டு லேசில முடியாதே." சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் கொஞ்ச நேரம் வெட்கமில்லாமல் சிரித்தோம்.

"கரண்டு போன உடனே எனக்குச் சந்தோசம். இருட்டில வாசிக்க ஏலாதே. அந்த மனிசன் அடிக்க அடிக்க, இன்னும் அடி, நிப்பாட்டாத, இன்னும் அடி எண்டு கும்பிட்டுக்கிட்டு நிண்டன். மறுகா வெளிச்சம் வந்திற்று. பாட்டும் முடிஞ்சிற்று. எல்லாரும் துள்ளுறாங்க. நான் பிரிச்சன். வெளியில வந்து கப்பல் வரைக்கும் நடந்தன். பின்னால அடுத்த பாட்டு துவங்கிற சத்தம் வந்திச்சு. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டன்."

அந்தத் தந்தியை எழுதியவன் நான். அவனுக்கும் அது தெரியும்.

"பெறகு ஏன்டா, பெடியனுக்கு நான் பொய் சொல்லக்குள்ள காட்டிக் குடுக்காம இரிந்த?" என்று கேட்டேன்.

"நீ சொன்ன கதையில பையில ஒண்டும் இல்ல மச்சான். சும்மா பாட்டுக் கேக்கப் போன ஆள் நீ. கேக்க நல்லா இரிந்திச்சு. நானும் சும்மா பாட்டுக் கேக்கப் போன மாதிரி. அதான் உன்னட்டயே விட்டன். இப்ப திருப்பித் தந்தா தந்தியோடதான் வரும். எனக்கு வேணாம். நீயே போ."

"பொய்க்காரனாப் போகவா?"

"எழுது பெடியனுக்கு. எல்லாத்தையும் எழுது. தந்தியையும் எழுது, என்ட பேரையும் போடு. நான் வாசிக்கப் போறதில்ல, கண்ணாடி உடைஞ்சி கிடக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க போனா, அடுத்ததா என்ன வாசிச்சாங்க எண்டு யாரிட்டயாவது கேட்டு வா. அந்தத் தாடிக்காரனும் கூட்டாளியும் சொல்லுறதில ஒண்டு சரியா இரிக்கும்தானே" என்றான்.

ஆகவே மகன், இனி உன் கையில். இதை அந்தக் கூட்டத்தாருக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல். என்னைக் காப்பாற்ற ஒரு சொல்லையும் மாற்றாதே. மழையையும் விடாமல் சொல். கணேஸ் மாமாவின் கேள்வியையும் அவர்கள் முன்னால் வை. நீ கோபத்தில் அந்த மற்ற டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்; கேற்றடியில் இன்னும் நாலு நடை நடப்பேன், அவ்வளவுதான். என்னைத்தான் கூட்டிப்போவாய் என்றால், தூணைக் காட்டச் சொல்லாதே. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இது முதல் கச்சேரி. எங்கே நிற்பது, எப்போது கைதட்டுவது என்று நீதான் சொல்லித் தரவேண்டும். உன் பல் விசயத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. நேரில் வந்தால் ஏதாவது வாயில் வரும்.

நான் புறப்படும்போது கணேஸ் என் சைக்கிள் வரை கூட வந்தான். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "காலையில கையில தந்த உடனே பிரிச்சிரிக்கணும், என்ன மச்சான்?" நான், "எப்ப பிரிச்சாலும் அப்பா போனது போனதுதானே. அடக்கமும் முடிஞ்சிதானே" என்றேன். யாரும் சொல்லக்கூடியது அது. "ஓம்" என்று சொல்லி ஹாண்டிலை விட்டான். வாய் வரை வந்த வேறொன்று இருந்தது. இத்தனை வருடம் விரதம் இருந்து முழுகுகிறவனிடம், அவனுடைய அப்பாவுக்காகப் பேச நான் யார் என்று விழுங்கிவிட்டு மிதித்து வந்துவிட்டேன். ஆனால் நானும் ஒருவனுக்கு அப்பா. என்னைப் பற்றி அப்படி ஒரு செய்தி உன் பையில் கிடக்கிற நாளில், உன் முன்னால் பாட்டு நடந்துகொண்டிருந்தால், பாட்டு முடியட்டும் மகன். முடிந்த பிறகும் அவசரப்படாதே. அடுத்ததையும் கேள், அதற்கு அடுத்ததையும் கேள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆறுதலாக வா. நான் எங்கே ஓடப்போகிறேன்?